எர்ரர் வந்தால் அழைக்கும் குரல்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆபீசில் யார் முகத்தையும் பார்க்க எனக்குக் கூசுகிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் சுக்கு மண்டியில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி. லோடு சீட்டு அடிக்கும் ப்ரோகிராம் வேறு எதிலும் ஓடாது என்பதால் அதற்கு இன்னும் ரிட்டயர்மென்ட் இல்லை.

அதில் ஒரு வசதி — கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்ஸ்' பக்கம் போனால், எதற்கு எந்தச் சத்தம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ப்ரோகிராம் திறந்தால் போட் ஹாரன், மூடினால் ஷட்டர் இறங்கும் சத்தம் என்று வைத்திருந்தேன். ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா? அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை...

வசந்தா எங்கள் மண்டி முற்றத்தில் சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். முட்டி தேய்ந்து தரையில் உட்கார முடியாமல் போனது. "ஒரு மாசத்துக்குள்ள சீட்டு அடிக்கப் படிச்சா இங்க வேலை. இல்லேன்னா வீட்டுக்குப் போயிக்கோ" என்றுவிட்டார் முதலாளி. சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில்.

எர்ரர் வரும்போதெல்லாம் வசந்தா மலையாளம் கலந்த தமிழில் என்னைக் கூப்பிடுவார். "சாரே, ஒண்ணு வந்து நோக்குங்களேன்... பின்னேயும் தப்பாப் போச்சு!"

ஒருநாள் ரெக்கார்டரை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஐந்தே நிமிடம், குரல் சிக்கிவிட்டது. அவர் லீவில் இருந்த இரண்டு நாளும் எர்ரர் சத்தம் அதுதான். லாரி டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை மாற்ற மறந்துவிட்டேன்.

செவ்வாய் காலை, சீட்டுக்கு நான்கு டிரைவர்கள் நிற்கும்போது வசந்தா ஏதோ தப்பாகத் தட்டினார். ஸ்பீக்கர் முழு வால்யூமில் என்னைக் கூப்பிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாவும் சிரித்தார் — எதற்கென்று புரியாமல். மறுபடி எர்ரர், மறுபடி அதே குரல்.

"இது என்டெ சத்தமல்லே, சாரே?"

"சும்மா... ஒரு தமாஷுக்கு" என்றேன்.

திரையையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். "இத்தனை தடவையா உங்கள விளிச்சிட்டேன்?"

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கே அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். "சாரமில்ல சாரே, பரவாயில்ல" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

முதலாளி கொடுத்த மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இப்போதெல்லாம் எர்ரர் வந்தால், வசந்தா ஆலுவாவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, தணிந்த குரலில் வழி கேட்கிறார்.

நான் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.