ஸ்பிரிங் துவக்கும் ஆம்பிளைக் கையும்

கண்டாவளையில் என் தோட்டத்துக் கச்சான் கடலையைக் குரங்குகள் பிடுங்கித் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. விரட்டுவதற்கு, காற்றழுத்தத்தில் குண்டு பாயும் காற்றுத் துவக்கு ஒன்று வாங்கலாம் என்று கிளிநொச்சிக் கடைக்குப் போனேன். கேட்டது நான். கடைக்காரரோ கூட வந்த என் மைத்துனரைப் பார்த்தே பதில் சொன்னார்.

“ஸ்பிரிங் துவக்குக்குப் பிறகு செலவில்லை. ஆனா ஒவ்வொரு வெடிக்கு முன்னாலயும் குழாயை மடக்க ஆம்பிளைக் கை வேணும். பம்ப் எண்டால் காத்தடிச்சே களைச்சுப் போவா. அக்காவுக்குக் காஸ் குப்பி போடுற துவக்குத்தான் சுகம்.”

“குப்பி முடிஞ்சால்?” என்றேன்.

“கொழும்பிலயிருந்து வரவேணும்.”

“அதுவரைக்கும் குரங்கு பாத்துக்கொண்டு நிக்குமோ?”

மைத்துனர் சிரித்தார். எனக்குப் பற்றி எரிந்தது. ஸ்பிரிங் துவக்கை எடுத்து மடக்கிப் பார்த்தேன். குழாய் அசையவில்லை.

“நான் சொன்னனான்தானே,” என்றார் கடைக்காரர்.

குண்டு வாங்க வந்திருந்த மலையகப் பெண்ணொருத்தி கிட்ட வந்தாள். “கையால மல்லுக்கட்டாதீங்கக்கா. துவக்குக் கட்டையத் தொடையில ஊண்டி, குழாய் நுனியப் புடிச்சு ஒடம்பச் சாய்ங்க.”

சாய்ந்தேன். குழாய் மடங்கிப் பூட்டியது.

“இதைத்தான் தாங்கோ,” என்றேன் கடைக்காரரிடம்.

கச்சானில் பாதி தப்பியது. கடைக்காரர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அதைவிட என்மேல்தான் கோபம். அவள் வந்திராவிட்டால், தலையாட்டிவிட்டுக் காஸ் துவக்கோடு வீடு திரும்பியிருப்பேனே!