அம்மன் ஜெயித்த இடத்தில் மூன்று நாள்

வியாழன் இரவு பத்து மணிக்குச் சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். டெல்லி ஏறக்குறைய இரண்டாயிரத்து நூற்றெண்பது கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். முட்டிவலிக்காரனுக்கு மேல் பெர்த் கொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. என் தங்கை பச்சையம்மா முப்பது வருஷமாக டெல்லியில் வீட்டு வேலை செய்கிறாள். முன்பு இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் அவள் பிள்ளைகள் கல்யாணத்துக்கு. இந்தத் தடவை, மறுநாள் வரவிருந்த ஒரு தீர்ப்பை அவளுக்குப் படித்துச் சொல்வதற்காகப் போனேன்.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். மயூர் விஹாருக்குப் பின்னால் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் எங்கள் விழுப்புரம் பக்கத்து ஆட்கள் குடிசை போட்டார்கள். வேப்பமரத்தடியில் ஒரு மாரியம்மனையும் வைத்தார்கள். அதற்கு இருபதடி தள்ளி பீர் சாகிப் என்று கும்பிடப்படும் ஒரு முஸ்லிம் மகானின் சமாதி, இவர்களுக்கு முன்பிருந்தே இருந்தது. இரண்டு பக்கத்தாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சிவனே என்று கிடந்தார்கள். பிறகு நகரத்திலிருந்து இரண்டு கமிட்டிகள் வந்தன. மொத்த நிலமும் கோயிலுக்கே என்றது ஒன்று, சமாதிக்கே என்றது இன்னொன்று. இரண்டு கமிட்டியிலும் அங்கே குடியிருக்கிற ஆள் மருந்துக்குக்கூட இல்லை. கேஸ் பதினொரு வருஷம் நடந்தது, நாடு முழுக்க டிவியில் அடிபட்டது.

வெள்ளி மதியம் இரண்டு மணி, நாக்பூர். சிக்னல் கிடைத்ததும் பெட்டி முழுக்க எல்லாருடைய போனும் கத்த ஆரம்பித்தது. கீழ் பெர்த்தில் இருந்த தர்மபுரிக்காரப் பட்டாளத்துத் தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

"தீர்ப்பு வந்துருச்சு சார். கோயிலுக்குத்தான்!"

"அவங்க சும்மா விடுவாங்களா? அப்பீல் போவாங்க பாருங்க" என்றார் ஜன்னலோரம் இருந்த ஜவுளி வியாபாரி.

"ரெண்டும் வேணாம்னு அங்க ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கணும்" என்றார் அவர் மனைவி, வாழைப்பழத்தை உரித்தபடி.

போபால் வரைக்கும் இதே பேச்சு. வக்கீல்கள் தோற்றார்கள் போங்கள். அந்த நிலத்தில் மனுஷர் யாராவது இருக்கிறார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒளிப்பானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சாயங்காலம் பச்சையம்மா கூப்பிட்டாள்.

"ண்ணா, ஆத்தா ஜெயிச்சுட்டா ணா! எம் பேரு தீர்ப்புலயே வந்திருக்குதாம். நீ வந்து படிச்சுச் சொல்லு, வேற யாரையும் நான் படிக்க விடல."

முன்சீப் கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கோர்ட் என்றால் நான்தான்.

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குப் புதுடெல்லி. மூடுபனியில் இரண்டு மணி நேரத் தாமதம். மெட்ரோவில் ராஜீவ் சௌக் போய், நீலத் தடத்துக்கு மாறி, மயூர் விஹாரில் இறங்கினேன், முப்பத்திரண்டு ரூபாய். வழியில் யமுனை வந்தது. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, எல்லாரும் போனில் தீர்ப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஈ-ரிக்ஷாக்காரர் இருபது ரூபாய் கேட்டார்.

"மதராசி மந்திருக்கா சாச்சா? பதாயி ஹோ!" என்று வாழ்த்துச் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவர் கருத்தைக் கேட்டேன். "இனிமேல் பெரிய கோயிலாகக் கட்டுவார்கள். எனக்கு நாள் முழுக்க சவாரி" என்றார். அன்று நான் கேட்ட கருத்துகளில் அதுதான் யோக்கியமானது.

கேம்ப் என்று அவர்கள் சொல்லும் அந்தக் குடிசைப் பகுதியில் மேளம் காதைப் பிளந்தது. பச்சையம்மா மஞ்சள் புடவையில், நெற்றி நிறையக் குங்குமத்துடன் சர்க்கரைப் பொங்கலைப் பிடி பிடியாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக்கூடக் கழுவாமல் போனை நீட்டினாள். நூற்றுப் பதினெட்டுப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ்.

"எம் பேரு எங்க வருதுன்னு மொதல்ல பாரு."

நாற்பத்தோராம் பத்தியில் வந்தது. அதை இரண்டு தடவை படித்தேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கோயில் கமிட்டி வக்கீல் இவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். போவதற்கு முதல் நாள் எனக்குப் போன் செய்தாள். "ரேஷன் கார்டு, கரண்ட் பில்லு எல்லாம் முப்பது வருஷத்துது வெச்சிருக்கேன். எடுத்துக்கினு போவட்டா?" என்றாள். "உனக்கென்ன பைத்தியமா? கோயில் கேஸில் வீட்டைப் பத்திப் பேசினால் குழப்பம். அம்மனைப் பத்தி மட்டும் சொல்லு" என்றேன். "என்னான்னு சொல்றது?" என்றாள். "நீ வழக்கமாகச் சொல்வதையே சொல்லு" என்றேன்.

அவள் வழக்கமாகச் சொல்வது, எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சாமி முன்னால் சொல்வதுதான்: "எல்லாம் ஆத்தா நெலம். எங்களுதுன்னு இங்க ஒரு பிடி மண்ணுகூட இல்ல. அவ போட்ட பிச்சையில கெடக்கறோம்." கோர்ட்டிலும் கையெடுத்துக் கும்பிட்டு அதையே சொல்லியிருக்கிறாள். தீர்ப்பில், மூன்றாம் சாட்சி பச்சையம்மா, பல காலம் அங்கேயே வசிப்பவர், மொத்த நிலமும் தெய்வத்துக்கே உரியது, தங்களுக்கு அதில் ஏதுமில்லை என்று தாமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தது. ஆகவே நிலம் கோயில் கமிட்டிக்கு. ஆகவே குடியிருப்போருக்கு எந்த உரிமையும் இல்லை. எட்டு வாரத்துக்குள் வீடுகள் அகற்றப்பட வேண்டும். சமாதி அப்படியே இருக்கலாம், அங்கே யாரும் தங்கக் கூடாது.

"என்னா போட்டிருக்குது? உரக்கப் படி ணா, எல்லாரும் கேக்கட்டும்."

மேளத்தை நிறுத்திவிட்டார்கள். ஐம்பது அறுபது முகங்கள் என்னையே பார்த்தன.

"எல்லாம் ஆத்தா நிலம்னு பச்சையம்மா சொன்னதை ஜட்ஜு அப்படியே ஏத்துக்கிட்டாருன்னு போட்டிருக்கு" என்றேன்.

ஓவென்று குலவை. மேளம் மறுபடி ஆரம்பித்தது. அடுத்து வந்த "ஆகவே"யைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் ஒரு கோழை, அவ்வளவுதான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வைத்து, வீடுகளை எடுக்கச் சொல்லியிருக்கிறது என்றேன். சிரித்தாள். "அது வெளியாளுங்கள சொல்லியிருப்பான். ஜங்புராவுல மதராசி கேம்ப இடிச்சது சாக்கடை நாலாவுக்காக. இங்க நாலா ஏது? ஆத்தா நெலத்துல ஆத்தா புள்ளைங்கள எவன் எடுப்பான்?" என்று தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். நாற்பத்தோராம் பத்தியை நான் அப்போதும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, அவள் வேலை செய்யும் பிளாட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் மாடி; கும்பகோணத்துக்காரர்கள். வீட்டு அம்மாள் எனக்கு டிகிரி காபி கொடுத்தார்.

"எங்க பச்சையம்மாவாலதான் நம்ம பக்கம் ஜெயிச்சுது, தெரியுமோ? அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்ல எல்லாம் ஒரே பேச்சு."

"வீடுகளை இடிக்கப்போகிறார்கள் அம்மா."

"ஐயோ பாவம், கஷ்டம்தான். ஆனா கோயில்னா சுத்தி எடம் வேணுமில்லையா?" என்றவர் பச்சையம்மா பக்கம் திரும்பினார். "எங்க போனாலும் எட்டு மணிக்குள்ள வந்துடுவியோன்னோ?"

"வந்துடுவேன் மா" என்று பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பும்போது சமாதியைப் பார்த்துக்கொள்ளும் ரஹ்மத் பாய் குழாயடியில் நின்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தன் பக்கத்து கமிட்டிக்காரர்கள் அப்பீல் போகப் பணம் திரட்டுகிறார்களாம், இவரிடம் எங்கே போவாய் என்று கேட்கவில்லையாம். "பச்சம்மா பஹன், சாமான் ஏற்ற டெம்போ தனித்தனியாக எதற்கு? ஒன்றாகவே பேசிவிடலாம்" என்றார் இந்தியில்.  அப்போதுதான் பச்சையம்மாவின் முகம் முதல் முறையாக மாறியது.

திங்கள் காலை பத்து மணிக்கு நாலு பேர் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து வாசல் வாசலாக இடிப்பு நம்பர் போட்டார்கள். என் தங்கை கதவில் 117. அவள் ரேஷன் கார்டையும் கரண்ட் பில் கட்டையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "பையா, தேக்கியே பையா, தீஸ் சால்!" முப்பது வருஷம், பாருங்கள் என்று கெஞ்சினாள். ஒருவன் நின்று வாங்கிப் பார்த்தான். கோர்ட்டில் காட்டியிருக்க வேண்டும், இப்போது காட்டி என்ன பிரயோஜனம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

என் காலத்தில் எங்கள் கோர்ட்டில் "அகற்றப்பட வேண்டும்" என்று எத்தனை உத்தரவு அடித்திருப்பேன்! எழுத்துப்பிழை இல்லாமல் அடிப்பதில் எனக்கு நல்ல பெயர். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சுகமாகத் தூங்கியிருக்கிறேன். அந்த வார்த்தை ஒரு கதவின் மேல் எப்படி இருக்கும் என்று அறுபத்தாறு வயதில் பார்த்தேன்.

இரவு ரயில். சாயங்காலம் நாலு மணிக்கு மெட்ரோ வாசல் வரை பச்சையம்மா வந்தாள். கையில் எனக்காகப் புளிசாதப் பொட்டலம். கண் சிவந்திருந்தது.

"எவனோ நம்மள பத்தி கோர்ட்டுல போட்டுக் குடுத்திருக்கான் ணா. இல்லன்னா ஜட்ஜுக்கு எப்பிடித் தெரியும், எங்களுக்கு இங்க ஒண்ணும் இல்லன்னு? தீர்ப்புல அவன் பேரு இருக்குதா?"

"இல்ல" என்றேன்.

"இப்பதான் ஆத்தாவுக்குக் கற்பூரம் ஏத்திட்டு வந்தேன். சொன்னவனும் சொல்லிக் குடுத்தவனும் எவனா இருந்தாலும், எங்கள மாதிரியே புள்ளகுட்டியோட தெருவுல நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தா கேப்பா இல்ல ணா?"

பொட்டலம் கையில் சுட்டது.

"கேப்பா" என்றேன்.