கொக்கி இல்லாத விமானம்

பேனர் டிசைன் செய்கிறவனுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது வாடிக்கையாளர்களின் முடிவு. மதுரை சிம்மக்கல்லில் பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம், சடங்கான பெண்ணுக்குப் பின்னால் மயில், காளை வளர்ப்பவருக்குப் பின்னால் அவருடைய காளை என்று என் கம்ப்யூட்டரில் ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது. வாடிக்கையாளரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு வேலை பார்க்கும் என் இனத்தாருக்கு நான் பட்ட பாடு புரியும். போர் விமானம் கேட்டு வந்தது ஒரே ஒரு குடும்பம்தான். அதுவே போதும்.

சிங்கம் வேண்டாம்

வாடிப்பட்டியிலிருந்து செல்வியும் அவள் கணவர் பாண்டியும் வந்தார்கள். மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். செல்வியின் தம்பி முத்து கடற்படையில் இருக்கிறான்; விமானந்தாங்கிக் கப்பலில் மெக்கானிக். லீவு கேட்டிருக்கிறான், பதில் வரவில்லை. புது வீட்டுப் பால்காய்ச்சுக்கும் அவன் வரவில்லை என்பதை நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளாம். அதனால் இந்தத் தடவை தம்பியின் படம் கோயில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வழக்கம்போல் முத்துவின் தலைக்குப் பின்னால் சிங்கத்தை வைத்தேன். அதை எடுக்கச் சொல்லிவிட்டு, அவன் வேலை பார்க்கும் விமானம் மிக்-29 என்று எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினாள். கப்பலில் வேலை பார்க்கிறவனுக்கு எதற்கு விமானம் என்று கேட்டுவிட்டேன்.

"எங்க நாத்தனாவும் இதத்தேன் கேக்குறா. அவளுக்குப் பதில் சொல்லத்தேன அண்ணே பேனரே அடிக்கிறோம்."

வால்பக்கம்

இணையத்தில் மிக்-29 என்று தேடி, இருப்பதிலேயே பளிச்சென்று இருந்த படத்தை வைத்து முத்துவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவனே போன் செய்தான். பெயர் சரிதானாம், ஆனால் அது தரையில் இறங்கும் விமானப்படை ரகமாம். கப்பல் ரகத்துக்குப் பெயருக்குப் பின்னால் 'கே' என்று ஓர் எழுத்து உண்டு. இடத்தை அடைக்காமல் இருக்க இறக்கை மடங்கும், சக்கரத்தின் கால்கள் கனமாக இருக்கும், வாலுக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கும். கப்பலில் ஓடி நிற்க இடம் கிடையாது. குறுக்கே கட்டிய கம்பியில் அந்தக் கொக்கி மாட்டினால்தான் விமானம் நிற்குமாம்.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதற்கு அனுமதியில்லை என்றான். வாடிப்பட்டியில் வாலுக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் தம்பி என்று சமாளித்தேன்.

"நான் பாப்பேன் அண்ணே. ஒவ்வொரு தடவையும் அந்தக் கொக்கியத் தொட்டுப் பாத்து அனுப்புறதே நாந்தேன்."

பாதாளக்கரண்டி

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் தொழில் புத்தி போகாதே. விமானத்தை எதற்கு மாற்ற வேண்டும், ஒரு கொக்கியைத் தேடி வாலில் ஒட்டிவிட்டால் முடிந்தது என்று உட்கார்ந்தேன். இதற்குள் செல்விக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கொக்கி இல்லாவிட்டால் விமானம் கப்பலுக்குத் திரும்ப முடியாது என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை. திரும்பி வராத விமானத்துக்குப் பக்கத்தில் தம்பியை நிறுத்த மாட்டேன், அதற்குச் சிங்கமே தேவலாம் என்று எழுந்துவிட்டாள். அவளை உட்காரவைத்து, ஒட்டிய படத்தை அனுப்பினேன். போனில் முத்து வெகுநேரம் சிரித்தான்.

"அண்ணே, இது கெணத்துல விழுந்த வாளிய எடுக்குற பாதாளக்கரண்டி. எங்க விமானம் வாளி எடுக்கப் போகல."

பின்சீட்டு

ஒரு வழியாக அசல் கப்பல் ரகம் கிடைத்தது. முதலில் கிடைத்த படத்தில் இறக்கை மடங்கியிருந்தது. செல்வி ஆகாது என்றுவிட்டாள். அடுத்ததில் இறக்கை விரிந்து, வாலுக்கு அடியில் கொக்கி தொங்கியது. விமானிக்கு மேலே இருந்த கண்ணாடிக் கூடு மட்டும் நீளமாக இருந்தது. அதுவரை வாய் திறக்காத பாண்டி, கூட்டுக்குள் விமானிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளையின் தகப்பன் தன் முகம் அங்கே இருக்கட்டும் என்றார். நியாயம்தான். ஒரே தேரில் பதினான்கு சம்பந்திகளை ஏற்றியவன் நான். ஏற்றி அனுப்பினேன்.

முத்து உடனே கூப்பிட்டான். இரண்டு பேர் போகும் ரகத்துக்கும் ஒருவர் போகும் ரகத்துக்கும் கூடு ஒன்றேதானாம். படத்தில் இருந்தது ஒருவர் போவது.

"பின்சீட்டு இருக்க வேண்டிய எடத்துல டேங்கு அண்ணே. மச்சான எறக்கி விட்டுருங்க."

தேதி

விசேஷத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது செல்வி தனியாக வந்தாள். கப்பல் கிளம்புகிறது, லீவு இல்லை என்று முத்து சொல்லிவிட்டானாம். செல்வியின் பெரியப்பா மகனும் தாய்மாமன் முறைதானே, அவர் மடியில் வைத்துக் குத்தலாம் என்று பாண்டி வீட்டில் பேச்சு. நாத்தனார் அதைக் கேட்டுச் சிரித்தாளாம். நானும் என் பங்குக்கு, பெரியப்பா மகனின் போட்டோவைக் கொடுத்தால் முகத்தை மாற்றித் தருகிறேன் என்றேன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் அருகில் வந்து, வாலுக்கு அடியில் விரலை வைத்து, இதுதானே அது என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"கொக்கி இருக்குல்ல, வந்துருவான். தேதிய மட்டும் எடுத்துட்டு அடிங்க அண்ணே. அவன் மடியிலதேன் குத்துவேன்."

பதினோரு வருடத்தில் நான் பிழையில்லாமல் அடித்த ஒரே பேனர், தேதியில்லாமல் வாடிப்பட்டியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது; பிள்ளையின் காதில் இன்னும் ஓட்டை விழவில்லை.