ஒடெஸ்ஸாவின் படமும் ஒரு கையெழுத்தும்

ப்ளெட்சர் வயரிங் கம்பெனியின் வரவேற்பறைச் சுவரில் பதினான்கு வருஷம் படமாகத் தொங்கியவள் ஒடெஸ்ஸா டாலிவர். அமெரிக்காவின் அலபாமாவில் ராணுவ லாரிகளுக்கு வயர்க்கட்டு செய்து கொடுக்கும் கம்பெனி அது. பட்டறையில் நூறு பேர், பாதிக்கு மேல் ஒடெஸ்ஸாவைப் போலக் கறுப்பர்கள். கண்ணாடி அறைகளில் ஒன்பது பேர், ஒன்பதும் வெள்ளை ஆண்கள். அதில் நாலு பேர் முதலாளி ராய்ஸ் ப்ளெட்சரின் சொந்தக்காரர்கள்.

அந்தக் காலத்தில் அரசாங்கம், 'ஒப்பந்தம் வேண்டுமா, எல்லா வகை மனிதருக்கும் இடம் கொடுப்பதைக் காட்டு' என்றது. ராய்ஸ் காட்டினார். அதாவது, ஒடெஸ்ஸாவைக் காட்டினார்.

வருஷா வருஷம் படப்பிடிப்பு நடக்கும். யாருமே ஹெல்மெட் போடாத பட்டறையில் அவள் தலையில் மட்டும் ஒரு மஞ்சள் ஹெல்மெட், கையில் யாரோ ஒரு இன்ஜினியரின் வரைபடம். கீழே 'எங்கள் தலைவர்கள்' என்று எழுத்து. படம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு தலைவரைப் பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று, ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவளிடம் தொழில் கற்றவனுக்கே போனது. கடைசியாகப் போனது ராய்ஸின் மருமகன் கோடி என்பவனுக்கு. எந்த வயரை எதில் செருகுவது என்று மூன்று மாதம் அவள் பின்னாலேயே அலைந்த மகாராஜன் அவன்.

"பொறுங்க ஒடெஸ்ஸாம்மா, நேரம் வரும்" என்பார் ராய்ஸ்.

நேரம் வரவில்லை, புது விதிதான் வந்தது. 'இனம், பால் பார்த்துச் சலுகை தரும் திட்டம் எங்களிடம் இல்லை என்று கையெழுத்துப் போடு, பொய்யென்றால் ஒப்பந்தமும் போகும், அபராதமும் வரும்' என்றது அரசாங்கம். அன்று மாலையே படம் இறங்கியது. அந்த இடத்தில் கோலா மெஷினை நிறுத்தினார்கள். அதே மாதம் கோடி வேறு வேலைக்குப் போக, ஒடெஸ்ஸா நான்காம் முறையாக ராய்ஸ் முன் போய் நின்றாள்.

"ஐயய்யோ, இப்பவா? ஒரு கறுப்புப் பொம்பளைய இப்ப மேல ஏத்தினா, பழைய திட்டம் இன்னும் நடக்குதும்பாங்களே!"

"திட்டம் இருந்தப்பவும் குடுக்கல. இல்லாதப்பவும் இல்லேங்கறீங்க. நான் எந்தக் கிழமையில பொறந்திருந்தா குடுப்பீங்க சார்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்குத்தான் எழுதியது.

அடுத்த மாதம் யாரோ ஒரு புண்ணியவான், அவள் படம் போட்ட கம்பெனியின் பழைய விளம்பரப் புத்தகத்தை அரசாங்கத்துக்கு அனுப்பிவைத்தான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ராய்ஸ் உடனே வக்கீலுக்குப் போன் போட்டார். அதே மாநிலத்துப் பர்மிங்ஹாமிலிருந்து வந்த வக்கீல் கெய்ன்ஸ், ஒடெஸ்ஸாவின் பணிப்பதிவைப் புரட்டிவிட்டுத் துள்ளினார்.

"பத்தொன்பது வருஷம், அதே பெஞ்ச்! சலுகையே காட்டலங்கிறதுக்கு இதவிடச் சாட்சி வேணுமா?"

ராய்ஸ் பக்கத்தில் இருக்க, ஒடெஸ்ஸாவைக் கூப்பிட்டு அவள் பெயரில் தயாரித்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்: 'மூன்று முறை பதவி கேட்டேன். நான் பயிற்சி கொடுத்த மூன்று ஆண்களுக்கே அது தரப்பட்டது.'

"மூணு தடவை இல்ல, நாலு. போன மாசத்தையும் சேருங்க. சார் சொன்ன காரணத்த அவர் வார்த்தையிலயே போடுங்க" என்றாள்.

"பேஷ், இன்னும் பலம்!" வக்கீல் அதையும் கணினியில் தட்டினார்.

"எல்லாம் நெசம்னு சாரும் கையெழுத்துப் போடுவாரா?"

"நான்தான் முதல்ல" என்று ராய்ஸ் கையெழுத்தைக் கிறுக்கினார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவளும் நிதானமாகப் போட்டாள்.

"இதுல எனக்கு ஒரு காப்பி வேணும்."

"உங்களுக்கெதுக்கு?" என்று சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தார் வக்கீல்.

"என் வக்கீலுக்கு."

வக்கீலின் சிரிப்பு பாதியில் நின்றது. தான் தட்டியதைத் தானே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். 'ஒரு கறுப்புப் பொம்பளைய இப்ப மேல ஏத்தினா' என்ற வரிக்குக் கீழே முதலாளியின் கையெழுத்தைக் கண்டதும் முகம் வெளுத்தது. ஒடெஸ்ஸா காப்பியை மடித்துச் சாப்பாட்டுப் பையில், சீஸ் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினாள்.

சாண்ட்விச்சைப் பிரிப்பதற்குள் ராய்ஸ் பட்டறைக்குள் வந்துவிட்டார். கையில் அந்த மஞ்சள் ஹெல்மெட்.

"ஒடெஸ்ஸாம்மா... அந்த சூப்பர்வைசர் வேலை விஷயமா..."

அவள் நிமிரவில்லை. ஒரு வாய் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"பொறுங்க ராய்ஸ் சார், நேரம் வரும்."