வால் பக்கம் பாக்கி இருந்த பறவைகள்

பாப்பா, உன்னை வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். அடக்கப் பூசையில் சாமியார் உன் முழுப் பெயரை வாசித்தபோது, யாரோ வேறு வீட்டுப் பிள்ளையைச் சொல்வது போல இருந்தது.

பாப்பா என் தங்கச்சி. பத்தொன்பது வயது. மஞ்சள் காமாலை வந்து பன்னிரண்டு நாளில் போய்விட்டாள். நான் எட்டாவதோடு நின்றவன். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் வெட்டுவது என்றால் அவளுக்கு உயிர். ஜவுளிக்கடை வேலை விட்டு வந்ததும் வண்ணத்தாளை விசிறி போல மடித்துக்கொண்டு உட்காருவாள். பென்சில் கோடு போட மாட்டாள். கத்தரி ஒரே இடத்தில் நிற்கும், தாளைத்தான் திருப்புவாள். விரித்தால் திராட்சைக் குலைகள் வரிசையாக வரும். திருவிழாவுக்கு மாதா கோயில் பீடத்தில் ஒட்டுவார்கள்.

ஒரு நாள் நானும் வெட்டிப் பார்த்தேன்.

"அண்ணே, அது இரும்பு இல்ல, பேப்பரு. எதுக்கு இந்த அமுக்கு அமுக்குற?"

"நீ ஒரு பூட்டுக்கு அரம் போட்டுக் காட்டு, அப்புறம் பேசு."

"ஒன் பூட்டுல எல்லாச் சாவியும் நுழையுதாமே, கேள்விப்பட்டேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் சண்டைய முடிச்சுட்டு வாங்க, வெஞ்சனம் ஆறுது" என்றாள்.

பாப்பாவை அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்து, அவள் தலையணை உறைக்குள் ஒரு வெள்ளைத் தாள் கிடைத்தது. எட்டு அடுக்காக மடித்து, அதில் ஒரு பறவையை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அலகு, முதுகு, இறக்கை எல்லாம் முடிந்திருந்தது. வால் பக்கம் மட்டும் பாக்கி.

"முப்பதாம் நாள் செபத்துக்கு இத அவ போட்டோவச் சுத்தி ஒட்டணும். நீ வெட்டி முடிச்சுரு அப்பு" என்றாள் அம்மா.

"எனக்கு வராதும்மா. கெட்டுப்போச்சுன்னா?"

"அம்புட்டு நாளு அவ பக்கத்துல உக்காந்து பாத்தவன் நீதான?"

இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். இது கெட்டால் இன்னொன்று கிடையாது. முப்பதாம் நாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வந்து, கையில் இரும்புத் தூள் போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அவளைப் போலவே தாளைத் திருப்பித் திருப்பி வெட்டினேன். அமுக்கவில்லை. நன்றாகத்தான் வந்தது.

பட்டறையில் ஓரத்தில் ஒரு பிசிறு விட்டாலும் முதலாளி சாமானைத் திருப்பி எறிவார். அந்தப் பழக்கத்தில், மடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்த வால் நுனியையும் வழவழப்பாக வளைத்து முடித்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு பறவையை அடுத்த பறவையோடு சேர்த்துப் பிடிக்கிற ஒட்டே அந்த நுனிதான். விரித்ததும் வரிசை நாலு துண்டாக மடியில் விழுந்தது.

"அம்மா, கெடுத்துட்டேன்."

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பறவைகள், மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு இருந்தன.

"இந்த மூக்கு ஒட்டு அவ வெட்டாம விட்டுவச்சது. இது பிரியலயே" என்றாள். "போடா, பசையக் கரை."

நான் அழுதுகொண்டே மைதா மாவைக் கரைத்தேன். "கட்டி தட்டாமக் கரைடா" என்று அதற்கும் ஒரு ஏச்சு.

நீலத் தாளில் மூன்று ஜோடியை ஒட்டினோம், போட்டோவுக்கு மேலே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கீழே மெழுகுவர்த்தி வைக்கணும், தீப்பிடிக்கும் என்று நாலாவது ஜோடியை அம்மா தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். செபத்துக்கு வந்தவர்கள், "பாப்பா வெட்டுனதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வாலை நான் வெட்டினேன் என்பதை இங்கேதான் சொல்கிறேன்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு ஒரே ஒரு தரம், எல்லாரும் எங்கள் பாப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.