அக்காவைக் கூட்டிவரப் போனது

நான் பேருந்தை விட்டு இறங்கியதும் அக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, ஆற்றங்கரைக்குத்தான் கூட்டிப்போனாள். மலைக் கரிமண் ஊறி, வெறுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடியது. "அத்தான்ரை சாம்பலை இதிலைதான் கரைச்சனாங்கள்" என்றாள்.

ஸ்கொட்லாந்து மலைநாட்டில் அந்தப் பள்ளத்தாக்குக்கு இருந்த ஒரே பலசரக்குக் கடையை அக்காவும் அத்தானும் நடத்திவந்தார்கள். அத்தான் மாரடைப்பில் போனபிறகு, பரிஸ் நகரை ஒட்டிய பொபினியில் இருக்கும் அம்மா அக்காவுக்கு ஓர் அறையை ஒழுங்குபண்ணி வைத்தார். அந்நகரின் லா சப்பலில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் என்னிடம், "அந்தக் குளிருக்கை அவள் தனிய என்னெண்டு இருக்கிறது? கையோடை கூட்டிக்கொண்டு வா" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

இலையுதிர் காலம். பேர்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. சரிவெல்லாம் பன்னச் செடிகள் காய்ந்து செம்பழுப்பாகக் கிடந்தது. பின்னேரங்களில் பெண்மான்களுக்காகக் கலைமான்கள் கத்தும் சத்தம், கடைக்குள் நின்றாலே கேட்கும். முதல்நாள் நான் அதை மாடு என்று நினைத்தேன். அக்கா சிரித்தாள். அத்தான் போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

கடைக்கு வருபவர்கள் வாங்கிவிட்டு உடனே போவதில்லை. ஆடு வளர்க்கும் ஒரு கிழவர் தன் முழங்கால் வலியைப் பற்றி நெடுநேரம் சொன்னார். அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இவர்கள் எல்லோரும் வந்து, சேற்றுச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, கையால் சோறு சாப்பிட்டார்களாம். பனியில் பாதை மூடினால் பாலும் மாவும் இந்தக் கடையில்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள், அவளைக் கூட்டிப்போகும் கதையை எடுத்தேன்.

"பரிஸுக்கு வந்து நான் என்ன செய்யிறது?" என்று அக்கா கேட்டாள்.

"நாங்கள் எல்லாரும் இருக்கிறம்தானே."

"ஓம், இருக்கிறியள். ஆனா அங்கை வந்தா நான் புருசன் செத்துப்போன பொம்பிளை. இஞ்சை நான் கடைக்காரி."

மறுநாள் தனியே திரும்பி வந்தேன்.

அம்மா என்னோடு ஒரு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. குளிர்காலம் முடிந்து சித்திரை பிறந்ததும், "உனக்குக் கதைக்கத் தெரியாது" என்று சொல்லி, அக்காவைக் கூட்டிவரத் தானே புறப்பட்டார். பத்து நாளில் வருவதாகத்தான் பேச்சு. மாதம் ஒன்று கடந்தபிறகு நான் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"இப்ப ஆடுகள் குட்டி போடுற நேரம். விடியவே சனம் தேத்தண்ணிக்கு வந்து நிக்குது" என்றார் அம்மா. "இதுக்குள்ளை அவளைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி வாறது?"