வாலாஜாபாத்தில் நின்ற ராணுவ ரயில்

காலை ஆறரை மணிக்குச் சென்னை பிராட்வேயில் காஞ்சிபுரம் பஸ் பிடித்தேன். சமூகப்பணிப் படிப்பில் அது என் முதல் களப்பணி. பட்டாளத்தில் இருப்பவர்களின் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, என்னென்ன சிரமப்படுகின்றன என்று வீடு வீடாகக் கேட்டு வரவேண்டும். 1971, ஐப்பசி மாதம். எல்லையில் எந்த நேரமும் சண்டை மூளலாம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எனக்கோ தனியாக ஊருக்குப் போகிற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டே கால் ரூபாய். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஏரிகள் தளும்பிக் கிடந்தன. பக்கத்து சீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணப் பொடவை எடுக்கத் தனியாவா வந்துகினு இருக்குற?"

"இல்லைங்க. ராணுவக் குடும்பங்களைப் பார்க்கப் போறேன்."

"பட்டாளத்தானுங்க வடக்குல இல்ல இருக்குறாங்க? இங்க யாரைப் பாப்ப?"

"அவங்க விட்டுட்டுப் போனவங்களைத்தாங்க."

 அம்மாள் முந்தானையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்து என் மடியில் வைத்தார்.

ஒன்பதரை மணிக்குப் பிள்ளையார்பாளையம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நான் தேடிப்போன கனகாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கணவர் ஏழுமலை ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார். ஏழு மாதப் பெண் குழந்தை தூளியில் தூங்கியது. கனகா தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டபடியே பதில் சொன்னாள். எத்தனை சொல்லியும் கேளாமல் என்னை டீச்சரம்மா என்றே கூப்பிட்டாள்.

"மணியார்டர் ஒரு மாசம் முன்ன வரும், ஒரு மாசம் பின்ன வரும். அதுகூடப் பரவால்ல டீச்சரம்மா. ரேஷனுக்குப் போனாலும் சரி, பேங்குக்குப் போனாலும் சரி, 'வீட்டுக்காரரை வரச்சொல்லு'ன்றாங்க. அவரு அங்க இருந்தா நான் எங்கருந்து வரச்சொல்றது?"

"வேற என்ன கஷ்டம்?"

அவள் கை நின்றது. "ரேடியோல நியூஸ் ஆரம்பிச்சா தெருவே என் மூஞ்சியப் பாக்குது. அழுதா, 'ஏன் அழுவுற, எதுனா சேதி வந்துதா'ன்றாங்க. சிரிச்சா, 'புருசன் அங்க இருக்கசொல்ல இவளுக்குச் சிரிப்பைப் பாரு'ன்றாங்க. மூஞ்சிய எப்டி வெச்சிக்கினு இருக்குறதுன்னே தெரியல."

அந்த வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.  அப்போதுதான் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. கனகாவின் அண்ணன் மணி குதித்து இறங்கினார். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். மூச்சு வாங்கியது.

"கனகா, எழுந்திரு! உன் வீட்டுக்காரரு செங்கல்பட்டுல இருக்குறாரு. கண்ணால பாத்தேன். மிலிட்டரி ஸ்பெஷல். வடக்க போவுது. லீவு இல்ல, எறங்கக் கூடாது. மத்தியானம் வாலாஜாபாத்துல கிராசிங்குக்கு நிக்கும். காஞ்சிபுரத்துல நிக்காது."

"பாப்பாவைப் பாக்கலியே அவரு!"

"அதுக்குத்தான சொல்றேன், கெளம்பு!"

கனகா தறியிலிருந்து எப்படி எழுந்தாள் என்று நான் பார்க்கவில்லை. குழந்தை அவள் இடுப்பில் இருந்தது, என் குடை மணியின் கையில் இருந்தது, நாங்கள் ரிக்‌ஷாவில் இருந்தோம். யாரும் என்னை வா என்று கூப்பிடவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

வாலாஜாபாத்துக்கு பஸ் டிக்கெட் நாற்பது பைசா. ஐயம்பேட்டையில் வாழை இலைக் கட்டு ஏற்றுவதற்காக பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "இலை நாளைக்கும் இருக்கும்பா! ரயிலு இருக்காது!" என்று கனகா போட்ட சத்தத்தில், கண்டக்டர் பாதிக் கட்டை ரோட்டிலேயே விட்டு விசில் ஊதினார்.

ஸ்டேஷனுக்குள் ஓடினோம். வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் எல்லாம் பச்சைச் சட்டைகள். மூன்றாவது பெட்டியின் வாசலில் நின்ற மீசைக்காரர் ஒருவர், "மச்சான்!" என்று மணியைப் பார்த்துக் கத்தினார்; ஏழுமலைதான். கனகா அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் குழந்தையை உயர்த்தி நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.  அப்படியே திரும்பி, உள்ளே இருந்த தோழர்களிடம் காட்டப் போனார்.

ஸ்டேஷன் பெல் அடித்தது. பச்சைக்கொடி ஆடியது. வண்டி நகர்ந்தது.

"பாப்பா! ஐயோ, பாப்பா!"

கனகா பிளாட்பாரத்தோடு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். ஏழுமலை குழந்தையோடு வாசலுக்கு வந்து குதிக்கப் பார்த்தார். இரண்டு பேர் அவர் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பிளாட்பாரம் முடிந்துபோயிற்று.

காஞ்சிபுரத்துக்குப் போன் பண்ணி வண்டியை நிறுத்தச் சொல்ல மணி ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினார். நாங்கள் ரோட்டுக்கு ஓடினோம். அரிசி மில்லிலிருந்து மூட்டை ஏற்றிவந்த லாரியை இரண்டு கையும் விரித்து மறித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, சாவணுமா?"

"குழந்தை ரயில்ல போயிடுச்சுங்க! மிலிட்டரி ரயில்!"

"ரயில்லயா? ஏறுங்கமா, ஏறுங்க!"

அப்படி ஒரு பிரயாணம் எனக்கு வாய்த்ததில்லை. காற்று காதை அடைத்தது. மூட்டைகள் பின்னால் குதித்தன. வயல்களுக்கு அப்பால் ஒரு கோடு கரும்புகை தெரிந்தபோது, "அதோ போவுது, அண்ணே! வுடாதீங்க!" என்று கனகா டாஷ்போர்டைக் கையால் அடித்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உடம்பெல்லாம் ஒரு துடிப்பு இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

காஞ்சிபுரத்தில் நிற்காத வண்டி, நின்றது.

பிளாட்பாரத்தில் சிப்பாய்கள் வட்டமாகக் கூடியிருந்தார்கள். நடுவில் ஏழுமலையின் தோளில், மூக்குவரை இறங்கிய ராணுவத் தொப்பியோடு குழந்தை. அழவில்லை. கனகா பிடுங்கிக்கொண்டு, முகம், கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகுதான் கணவரைப் பார்த்தாள்.

"வேணும்னேதான தூக்கிக்கினு போன?"

"சத்தியமா இல்ல கனகா. பெல் அடிச்சதே காதுல விழல. இவ என்னப் பாத்து சிரிச்சிகினு இருந்தா."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் வழிய, வாய்விட்டு, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் சிரித்தாள்.

நரைத்த மீசை சுபேதார் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் இருவரையும் பார்த்தார். "இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்கட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். தண்ணீர் பிடிக்க ஒருவரும் போகவில்லை.

அந்தக் கால் மணி நேரம் நான் தள்ளியே நின்றேன். காதில் விழுந்தவரை, சண்டையைப் பற்றி அவர்கள் பேசவில்லை. கூரை ஓடு மாற்றுவது, பாப்பாவுக்கு வந்த ஜுரம், மணியார்டர் தாமதம். அவள் திட்டினாள், அவர் தலையாட்டினார். அப்புறம் வண்டி கிளம்பியது. அந்த டிசம்பரிலேயே போர் வந்தது. அவர் பங்குனியில் நல்லபடியாகத் திரும்பினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று பிளாட்பாரத்தில் அது யாருக்கும் தெரியாது.

மூணு மணி பஸ்ஸில் ஏற்றிவிட கனகாவே வந்தாள். "இன்னொரு நாள் வாங்க டீச்சரம்மா, மீதியக் கேக்கலாம்" என்றாள். தெருவார் நாலைந்து பேர் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்தே நின்றாள்.

மயிலாப்பூரில் வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். எங்கள் அப்பா தினமும் ஆபீஸ் போகிறவர், தினமும் திரும்பி வருகிறவர். அவர் உள்ளே நுழையும்போது நாங்கள் யாரும் தலைநிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அன்று செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனேன்.

"என்னம்மா, ஏதாவது விசேஷமா?" என்றார்.

"நீங்க வந்துட்டீங்களேப்பா" என்றேன்.